கன்னத்துச் சிவப்பும் டப்பாப் பாலும்

கல்மண்டபத்துக் கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மூன்று பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, காசிமேட்டுக் கடற்காற்று. இரண்டு, அக்காற்றோடு கலந்து வரும் மீன் வாசனை. மூன்று, வைத்திய ஆலோசனை. முதல் இரண்டையும் யாரும் மறுப்பதற்கில்லை. மூன்றாவதை வேண்டுமானால் மறுத்துவிடலாம். ஆனால் இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் அதுவும் முடியாத காரியம்!

எங்கள் தெருவில் தலைப் பிரசவமான பெண் ஒருத்தி இருக்கிறாள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்திருந்த சமயம். இரு கன்னங்களிலும் சிவப்புப் பொரிகள். புருவத்திலும் காதின் பின்புறத்திலும் மஞ்சள் நிறச் செதில்கள். குழந்தை என்னவோ சிரித்துக் கொண்டுதான் இருந்தது. ஆயினும் அவள் கடைத்தெருவைக் கடப்பதற்குள் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிட்டார்கள். பூக்காரி "சூடு" என்றாள். காய்கறிக் கடைக்காரர் "கண் பட்டிருக்கிறது" என்றார். வழியில் வந்த தூரத்து உறவு அத்தை, "கரப்பானம்மா, நீ கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பாய்" என்றாள். மருந்துக்கடையில் நின்ற பையனோ, "பால் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாவை மாற்றிப் பாருங்கள்" என்று தீர்ப்புக் கூறினான். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று சொல்லும் வார்த்தைக்கு நம் நாட்டில் தனி மதிப்பு உண்டல்லவா? அவன் தீர்ப்பே நிலைத்தது.

தாய்ப்பால் போதவில்லை என்ற சந்தேகத்தால் அவள் ஏற்கெனவே டப்பாப் பாலும் கொடுத்து வந்தாள். முதல் டப்பா போய் இரண்டாவது வந்தது. அதுவும் போய் மூன்றாவது வந்தது. கன்னத்துச் சிவப்பு மட்டும் போகவில்லை. "பால் கெட்டியாயிருக்கிறது, தண்ணீரைக் கூட்டு" என்றார் ஒருவர். நாலு கரண்டி மாவு போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டியாயிற்று. பிறகு அதையும் குறைத்து, வடித்த கஞ்சித் தண்ணீர் பாலாடையில் ஏறிற்று. "தன் பாலிலும் சூடு இருக்கும்" என்ற பயத்தில் தாய்ப்பால் கொடுப்பதையும் அவள் குறைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரத்துத் தடுப்பூசியின்போது குழந்தையின் எடையை அட்டையில் எழுதியிருந்தார்கள். பத்தாவது வாரத்துத் தடுப்பூசிக்குப் போனபோது, நர்ஸம்மாள் தராசையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாராம். முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்கு இருபது முப்பது கிராமாவது ஏற வேண்டும். அந்தக் கணக்குப்படி நாலு வாரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். இந்தக் குழந்தையோ நூற்றைம்பது கிராம்தான் கூடியிருந்தது. "கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் அம்மா, குழந்தையைப் பார்க்கவில்லை" என்று குழந்தை வைத்தியர் சொன்னாராம். கடுமையான வார்த்தைதான். ஆனால் இந்த வாரம் நான் எழுத வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது.

ராயபுரத்தில் உள்ள அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ராஜா சர் ராமசாமி முதலியார் பெயர் வழங்குகிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே சத்திரம் கட்டி வைத்த அதே பெருமகன்தான். 'சவலை ராமசாமி முதலியார்' என்றே ஊரார் அவரை அறிவார்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்ததோ, அது இங்கே நமக்கு வேண்டாம். தமிழில் 'சவலை' என்றால் என்ன என்பதே நமக்கு வேண்டியது. தாய்ப்பால் வேளைக்கு முன் நின்றுபோனதால் தேறாமல் மெலிந்த பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்கிறோம். அடுத்த குழந்தை வயிற்றில் வந்தவுடன் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கே இச்சொல்லை நம் பாட்டிமார் பெரும்பாலும் வழங்குவார்கள்.

இதே பொருளுள்ள சொல் ஒன்றை 1930-களில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ஆப்பிரிக்காவில் கேட்டார். இன்று கானா என வழங்கும் தேசத்தில் அவர் வேலை பார்த்தபோது, கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, தலைமயிர் வெளுத்த குழந்தைகளைக் கண்டார். அவ்வூர்த் தாய்மார் தங்கள் கா மொழியில் அந்நோயைக் 'குவாஷியோர்க்கர்' என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்தவுடன் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அந்தச் சொல்லையே அவர் 1935-இல் வைத்திய உலகத்துக்கு அறிவித்தார். பால் நின்ற பிறகு வெறும் மாவுக்கஞ்சியைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் நோய் அது. பின்னர் சிங்கப்பூருக்கு வந்த அவர், சீனியிட்ட டின் பாலைக் குழந்தைகளுக்கு உகந்ததென்று சொல்லி விற்பதைக் கண்டு மனம் கொதித்து, 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டே பேசினார்.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2001-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில், அட்லாண்டா நகரத்து வைத்தியர்கள் ஒரு குழந்தையின் வரலாற்றை எழுதினார்கள். குழந்தைக்கு நெடுநாள் கரப்பான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் தாமாக எண்ணி, தாய்ப்பாலை நிறுத்திய பிறகு அரிசியிலிருந்து செய்த ஒரு பானத்தைப் பாலுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தார்கள். குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதற்கு இருந்தது அதே குவாஷியோர்க்கர்! வறுமையே இல்லாத வீட்டில், அன்பு மிகுந்த பெற்றோரிடத்தில், தோல் நோய்க்குச் செய்த வைத்தியம் இன்னும் கொடிய நோயைக் கொண்டுவந்து விட்டது. நம் கஞ்சித் தண்ணீருக்கும் அந்த அரிசிப் பானத்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

ஆகவே, சகோதரிகளே, குழந்தையின் சருமத்தில் ஒன்று தோன்றினால் முதல் குற்றவாளியாகப் பாலைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பெரும்பாலான சமயங்களில் அது நிரபராதி. எப்படி என்று பார்ப்போம்.

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் கொசு கடித்தாற்போல் உடம்பெங்கும் சிவந்த தடிப்புகள் தோன்றுவதுண்டு. நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக்கூட இது வரலாம். ஓரிரு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மூக்கின் மேல் வெண்மணிபோல் தோன்றுபவையும் அப்படியே. மூன்றாம் நாலாம் வாரத்தில் கன்னத்தில் பருக்கள் வரலாம்; தாயிடமிருந்து வந்த சில சுரப்புகளின் விளைவு என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். உச்சந்தலை, புருவம், காதுமடல் ஆகிய இடங்களில் மஞ்சள் செதிலாகப் படிவது மற்றொரு வகை. நம் தெருக் குழந்தைக்கு வந்தது இதுதான். எண்ணெய் தடவி ஊறவைத்து, மெல்லிய சீப்பால் மெதுவாக வாரிவிட்டால் போதும். சில மாதங்களில் தானாக மறையும்.

வேர்க்குருவைப் பற்றி நம் கடலோர வாசிகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. சித்திரை வெயிலில், உப்புக் காற்றின் புழுக்கத்தில், பெரியவர்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம். குழந்தைக்கு மட்டும் கம்பளிக் குல்லாய், காலுறை, கையுறை! கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பொரிப் பொரியாக வந்தால் அதற்கு டப்பாப் பால் என்ன செய்யும்? குல்லாயைக் கழற்றுங்கள், மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். அரையில் மட்டும் சிவந்திருந்தால் ஈரத்துணியோ டயப்பரோ காரணமாயிருக்கும். சிவப்பு தொடையிடுக்கின் மடிப்புக்குள்ளும் பரவி, ஓரங்களில் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் அது காளான் வகை நோய். அதற்குத் தனி மருந்து உண்டு.

கரப்பான் என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு வரும். கன்னம் சொரசொரத்து, அரிப்பெடுத்து, குழந்தை முகத்தைத் தலையணையில் தேய்க்கும். பெற்றோருக்கு ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால் குழந்தைக்கும் வருவது அதிகம். வறண்ட தோலை ஈரம் காக்கும் களிம்பால் காப்பதே இதற்கு முதல் சிகிச்சை. கடலைமாவும் பயற்றமாவும் போட்டுத் தேய்ப்பது, மஞ்சளை அரைத்துப் பூசுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது இவையெல்லாம் புண்பட்ட தோலை மேலும் புண்படுத்தும். புகை பிஞ்சு நுரையீரலையும் வருத்தும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளைக் களிம்பு' இன்னும் பொல்லாதது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வைத்தியர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது மருந்து. நாமாகப் பூசினால் சிவப்பு இரண்டு நாளில் மறையும். பிறகு தோலே மெலிந்துபோகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பால் என்றுமே குற்றம் செய்யாது என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடக் கூடாது. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஐந்து மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தை. தாய் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் முதன்முதலாகப் புட்டிப்பால் கொடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, குடித்த பாலைக் குழந்தை கக்கிவிட்டது. ஆயா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் தடிப்பு அடங்கிற்று. "பார்த்தாயா, திருஷ்டிதான்!" என்றாள். மறுநாள் மறுபடியும் அதே பால். இம்முறை தடிப்போடு இளைப்பும் கண்டது, குழந்தை துவண்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்த ஆயா இன்றும் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

முதல் வீட்டில் பாலின் மேல் வீண் பழி. இரண்டாம் வீட்டில் பாலுக்கு வீண் மன்னிப்பு. இரண்டிலும் துன்பப்பட்டது குழந்தைதான்.

பசும்பாலில் உள்ள புரதம் சில குழந்தைகளின் உடலுக்குப் பகையாகத் தோன்றுகிறது. இதையே பால் ஒவ்வாமை என்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு மேல் இது வருவதில்லை. இது இரண்டு விதமாக வெளிப்படும். ஒன்று, தண்டையார்பேட்டையில் கண்டதுபோல் நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி, இளைப்பு. மற்றொன்று, மெதுவாக வருவது: பால் கொடுத்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மலத்தில் சளியும் இரத்தமும், ஓயாத வாந்தி, எதற்கும் மசியாத கரப்பான், எடை ஏறாமை. தோலில் மட்டும் சிவப்பு, மற்றபடி குழந்தை நன்றாகக் குடிக்கிறது, தூங்குகிறது, வளர்கிறது என்றால் பாலின் மேல் சந்தேகம் கொள்ள இடம் குறைவு. பாற்சர்க்கரை செரியாமை என்பது வேறு விஷயம். அது வயிற்றைக் கலக்குமே தவிர, தோலில் தடிப்பைக் கொண்டுவராது.

இப்போது டப்பா மாற்றும் விஷயத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கும் சாதாரணக் குழந்தைப் பால் மாவு எந்தப் பெயரில் இருந்தாலும் பசும்பாலிலிருந்தோ, நம் நாட்டில் எருமைப்பாலும் சேர்த்தோ செய்யப்பட்டதே. புரதம் ஒன்றுதான். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு டப்பாவை மாற்றுவது, தெருப் பெயரை மாற்றி எழுதிவிட்டு வீடு மாறிவிட்டோம் என்று சொல்லுவதைப் போன்றதே. ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கோ மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் பசும்பாலுக்கு நெருங்கிய பங்காளிகள். ஒன்று ஒவ்வாத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் ஒவ்வாது. "கழுதைப் பாலேய்!" என்று தெருவில் கூவி வருகிறார்களே, அது எப்படி என்று கேட்பீர்கள். அதன் புரதம் தாய்ப்பாலுக்குச் சற்று நெருக்கமானது என்பது மெய்; இத்தாலியில் ஆராய்ச்சிகூடச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதில் கொழுப்புச் சத்து மிகக் குறைவு. தெருவில் கறந்து காய்ச்சாமல் ஊற்றும் பாலோடு கிருமிகளும் இலவசமாக வரும்.

மெய்யாகவே ஒவ்வாமை என்று வைத்தியர் கண்டால் அதற்கென்று தனிப் பால் மாவு உண்டு. புரதத்தை நுண்ணிய துண்டுகளாகச் சிதைத்துச் செய்த அது விலை அதிகம், வாசனையும் ருசியும் நன்றாயிராது. இருந்தாலும் குழந்தையைக் காக்கும். மிகக் கடுமையான ஒவ்வாமைக்கு அமினோ அமிலங்களால் ஆன மாவும் இருக்கிறது. சோயா மாவை ஆறு மாதத்துக்குள் கொடுப்பதில்லை. மெதுவாக வரும் வகையில் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான்: பாற்புரதத்தை இரண்டு முதல் நான்கு வாரம் முற்றிலும் விலக்கிப் பார்ப்பது, பிறகு வைத்தியர் சொற்படி மறுபடி கொடுத்துப் பார்ப்பது. விலக்கினால் குணமாகி, கொடுத்தால் திரும்பினால்தான் நோய் நிச்சயம். தடிப்பும் இளைப்பும் உடனே வந்த குழந்தைக்கு இந்தப் பரீட்சையை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. ஆறுதலான செய்தி ஒன்று: பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இவ்வொவ்வாமை நீங்கிவிடுகிறது.

தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் பயந்து நிறுத்த வேண்டாம். தாய் குடித்த பசும்பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் வந்து, அபூர்வமாகச் சில குழந்தைகளைத் தொந்தரவு செய்வதுண்டு. அப்போது தாய் சில வாரம் பால், தயிர், மோரைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் தடை போட்டுத் தாயைப் பட்டினி போடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

டப்பாப் பால்தான் கதி என்றிருக்கும் தாய்மார்களும் உண்டு. அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, கவனமாயிருந்தால் போதும். கொதிக்க வைத்த தண்ணீர் எழுபது டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலந்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கீழே கொட்டிவிட வேண்டும். கரண்டிக் கணக்கில் சிக்கனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். ரப்பர் காம்பு போட்ட புட்டியைவிட நம் பாட்டி காலத்துப் பாலாடை உயர்ந்தது. சுத்தம் செய்வது சுலபம். ஆஸ்பத்திரிகளில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அதில்தான் புகட்டுகிறார்கள்.

1992-இல் நம் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2003-இல் அதை இன்னும் இறுக்கிற்று. குழந்தைப் பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவின் மேல் கொழுகொழுக் குழந்தையின் படம் போடக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2015-இல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டத் தனி அறைகளும் ஏற்பட்டன. சட்டம் படத்தை எடுத்துவிட்டது. அறை கதவைத் திறந்துவிட்டது. கடைத்தெரு ஆலோசனையை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. அதை நாமேதான் வடிகட்ட வேண்டும்.

உதடோ முகமோ வீங்குவது, மூச்சு இளைப்பது, மலத்தில் இரத்தம், காய்ச்சலோடு தடிப்பு, நீர்க்கொப்புளம், விரலால் அழுத்தினாலும் மறையாத சிவந்த புள்ளிகள், பால் குடிக்க மறுத்துத் துவளுவது: இவற்றில் ஒன்று கண்டாலும் அண்டை வீட்டைக் கேட்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற சமயங்களில் ஒரு சிறு நோட்டில் தேதி, என்ன கொடுத்தீர்கள், எத்தனை நேரத்தில் எங்கே தடித்தது, எடை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

நம் தெருப் பெண் முதல் டப்பாவுக்கே திரும்பினாள். அளவு குறையாமல் கலந்தாள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கக் கொடுக்க அதுவும் பெருகிற்று. பதினாலாவது வாரத்துத் தடுப்பூசிக்குப் போனபோது தராசு முள் தாராளமாக நகர்ந்தது. கன்னத்துச் சிவப்பு அப்போதும் கொஞ்சம் இருந்தது. "இது எப்போது போகும் டாக்டர்?" என்று கேட்டாளாம். "அதற்கு நேரம் வரும்போது போகும்" என்றாராம் அவர்.

சென்ற வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கன்னம் பளிங்குபோல் இருந்தது. எப்போது மறைந்தது என்று கேட்டேன். "கவனிக்கவில்லை, பெரியம்மா" என்றாள்.